கீபோர்டைத் தனியாகக் கழற்ற வழி செய்யுங்கள்: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்து பிழைக்கிறவள் நான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு, பட்டா மாறுதல் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று ஓடுகிறது என் வேலை. போன மாதம் லேப்டாப் கீபோர்டில் அரை டம்ளர் டீ கொட்டிவிட்டது. கொட்டியது என் தவறு, அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

உடனே அணைத்து, கவிழ்த்துப் போட்டு, இரண்டு நாள் காயவிட்டேன். மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது, கீபோர்டு மட்டும் போய்விட்டது. நான் தமிழ்99 முறையில் அடிப்பவள். அதில் ஜே என்றால் ப, கே என்றால் ம, எல் என்றால் த. ஜேயும் கேயும் செத்துவிட்டன. எல் மட்டும் யாரும் தொடாமலே தததத என்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பக்கத்து வீட்டுக் கீபோர்டை வாங்கி வந்து செருகிப் பார்த்தும் பலனில்லை. மனு, பட்டா, தாசில்தார் என்ற மூன்று சொற்களை அடிக்க முடியாமல் நான் என்ன தொழில் செய்வது?

சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள்: "கீபோர்டு தனியா வராது மேடம். டாப் கவரோட சேர்த்துத்தான் மாத்தணும். 9,400 ஆகும்." லேப்டாப்பை வாங்கியதே 36,000 ரூபாய்க்கு. வெளியே கடையில் அதே கீபோர்டு, வெறும் கீபோர்டு, 850 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் கடைக்கார அண்ணன் மாட்டித் தர யோசித்தார். "இது ரிவெட் அடிச்ச மாடல்மா. அரை நாள் வேலை. போர்டுக்கு ஏதாவது ஆனா நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஒரு பாட்டி வந்தார். கையால் எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மற்றவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். அடியில் 10 ஸ்க்ரூ, அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. பழைய ஏடிஎம் கார்டால் ஓரத்தை நெம்பித் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தேன். பிறகு பேட்டரி, ஃபேன், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்த பின்புதான் கீபோர்டின் முதுகே கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு தகடு. அந்தத் தகட்டைப் பிடித்திருந்தது ஸ்க்ரூ இல்லை, சூட்டில் உருக்கி அமுக்கிய பிளாஸ்டிக் குமிழ்கள். எண்ணிப் பார்த்தேன், 62. ஒவ்வொன்றின் தலையையும் பிளேடால் சீவி எடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டும்போது கட்டைவிரலில் வெட்டிக்கொண்டேன். புதியதை வைத்து, மிச்சமிருந்த குமிழ்த் தண்டுகளைச் சால்டரிங் அயர்னால் திரும்ப உருக்கி அமுக்கினேன். தண்டு முறிந்த இடங்களில் பசைதான். ரிப்பன் கேபிளின் கறுப்புத் தாழ்ப்பாளை மூடும்போது கை நடுங்கியது. அது உடைந்தால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். காலையில் ஆரம்பித்தது, முடியும்போது சாயங்காலம் ஐந்து. இன்று எல்லா எழுத்தும் விழுகிறது. ஆனால் ஸ்பேஸ் பார் நடுவில் லேசாக மேடு தட்டி நிற்கிறது.

என் தம்பிக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் அப்படி இல்லை. அடியில் சில ஸ்க்ரூ, பக்கத்திலேயே கீபோர்டு படம் போட்டிருக்கும். அவற்றைக் கழற்றி மேலே நெம்பினால் கீபோர்டு கையோடு வந்துவிடும். கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டோம். அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? மெலிதாக இருக்க வேண்டுமே என்று நிறுவனங்கள் சொல்லும். ஆனால் ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம், மெலிதான லேப்டாப்பிலேயே வாங்கியவர் வீட்டில் மாற்றிக்கொள்ளும்படி கீபோர்டைச் செய்து தனியாகவும் விற்கிறது. குக்கருக்கு கேஸ்கட்டும் மிக்ஸி ஜாருக்கு பிளேடும் தெருமுனைக் கடையில் தனியாகக் கிடைக்கின்றன. 36,000 ரூபாய் பொருளுக்குக் கிடைக்காது என்றால் கோபம் வருகிறது ஐயா. ஃபேன், வாஷிங் மெஷின் எதை எடுத்தாலும் "செட்டாத்தான் வரும்" என்பதே இப்போது பதிலாகிவிட்டது. கெட்டது ஒன்று, தூக்கிப் போடுவது பத்து.

பழுது பார்க்கும் உரிமைக்காக 2022இல் குழு அமைத்ததும் அதற்கென்று இணையதளம் தொடங்கியதும் உங்கள் துறைதான். ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அறிக்கை 2025 மே மாதம் வந்தது. அதில் முதலில் ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும் என்றிருக்கிறது. லேப்டாப்பை ஏன் பின்னால் நிறுத்த வேண்டும்? பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியிலேயே, இந்த மதிப்பெண் போட்டு விற்க வேண்டிய முதல் பொருட்களில் லேப்டாப்பும் இருந்தது. வாங்கும் முன்பே பெட்டியில் அந்த மதிப்பெண்ணைப் பார்த்திருந்தால் இந்த மாடலை நான் தொட்டிருக்க மாட்டேன்.

நான் கேட்பது பெரிதில்லை. கீபோர்டைத் தனியாகக் கழற்ற முடிய வேண்டும், தனியாக வாங்க முடிய வேண்டும். உருக்கிய குமிழுக்குப் பதில் ஸ்க்ரூ, டாப் கவர் இல்லாமல் கீபோர்டுக்கு மட்டும் ஒரு விலை, கழற்றும் முறையைச் சொல்லும் கையேடு. குறியீட்டின் அடுத்த பட்டியலில் லேப்டாப்பைச் சேர்த்து, கீபோர்டு தனியாக வராத மாடலுக்கு மதிப்பெண்ணைக் குறைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கழற்றிய பழைய கீபோர்டும் சீவிய குமிழ்த் தலைகளும் ஒரு டப்பாவில் அப்படியே இருக்கின்றன. உங்கள் குழு பார்க்க விரும்பினால் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சு வேலை செய்யும் ஒரு நுகர்வோர்