கணுக்கால் அப்பீல்: ராஜுவுக்கு

அன்புள்ள ராஜு,

நலம்தானே? அக்காவிடம் விசாரித்ததாகச் சொல். நம்ம பையனின் கணுக்கால் ஊனத்துக்கு வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை) தந்த தீர்மானக் கடிதமும் மருத்துவப் பரிசோதனைத் தாளும் நீ அனுப்பியபடி வந்து சேர்ந்தன. கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் நீ இப்படிக் கொதித்திருக்கிறாய் என்று தெரிகிறது. எனக்கென்னவோ ஊனம் 10% என்று போட்டவர்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த தாளுக்கு அதுதான் வரும். கோளாறு தாளில் இருக்கிறது. அப்பீலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். வி.ஏ.வின் ஊன அட்டவணையில் கணுக்கால் அசைவுக்கான குறியீடு 5271. முன்பு அதில் ‘மிதம்’ என்றால் 10, ‘கடுமை’ என்றால் 20 என்று மட்டும் இருந்தது. எது மிதம், எது கடுமை என்பது பார்ப்பவர் மனசைப் பொறுத்தது. 2021 பிப்ரவரி 7 முதல் டிகிரிக் கணக்கு வந்துவிட்டது. பாதத்தை மேலே தூக்குவது இயல்பாக 20 டிகிரி, கீழே அழுத்துவது 45. மேலே 15-க்குக் குறைந்தாலோ கீழே 30-க்குக் குறைந்தாலோ 10%. மேலே 5-க்குக் குறைந்தாலோ கீழே 10-க்குக் குறைந்தாலோ 20%. ‘குறைந்தால்’ என்பதைக் கவனி: சரியாக 5 என்று எழுதியிருந்தால் 20% கிடையாது, 4 என்றால் உண்டு. நம்ம பையனுக்கு வலது காலில் மேலே 10, கீழே 35. அப்படியென்றால் 10% சரிதானே?

இப்போது அதே தாளில் வலி கூடும் நாட்களைப் பற்றிய பகுதிக்குப் போ. ‘உண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் போட்டிருக்கிறது. மாதத்துக்கு மூன்று நாலு நாள், மாடிப்படி ஏற முடியவில்லை என்று அவன் சொன்னதையும் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வரியில், அந்த நாட்களில் எத்தனை டிகிரி குறையும் என்று கேட்டதற்கு, ‘நேரில் பார்க்காததால் ஊகிக்க இயலாது’ என்று முடித்துவிட்டார் பரிசோதகர். 2017-இல் வந்த ஷார்ப் வழக்குத் தீர்ப்பு இதைத்தான் செல்லாது என்றது. வலி எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்ய முடியாமல் போகிறது என்று கேட்டு, கோப்பில் உள்ளதையும் பார்த்து, டிகிரியில் ஒரு மதிப்பீடு தர வேண்டும். முடியவே முடியாது என்றால் மருத்துவ ரீதியாக ஏன் முடியாது என்று விளக்க வேண்டும். நேரில் பார்க்கவில்லை என்பது காரணம் ஆகாது.

இன்னொரு ஓட்டை. 2016-இன் கொரேயா தீர்ப்புப்படி, தானாக அசைத்தும் பிறர் அசைத்தும், எடை தாங்கியும் தாங்காமலும் சோதித்திருக்க வேண்டும். இந்தத் தாளில் எடை தாங்கிய சோதனைக்கான இடம் காலி. கணுக்கால் நோவு பெரும்பாலும் நின்றால்தான் தெரியும். படுக்கையில் உட்கார வைத்துக் காலை ஆட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? கோனியோமீட்டர் (மூட்டின் கோணம் அளக்கும் கருவி) வைத்து அளந்தார்களா என்றும் அவனைக் கேள். கண்ணால் மதிப்பிட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும், வி.ஏ. விதி 4.46 அந்தக் கருவி இன்றியமையாதது என்கிறது.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். ‘வலி 4 டிகிரியிலேயே தொடங்குகிறது, ஆகவே 20%’ என்று வாதாட வேண்டாம். வலி தொடங்கும் இடமும் அசைவு நிற்கும் இடமும் ஒன்றல்ல என்று 2011-லேயே மிட்செல் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அந்த வலியால் கால் உண்மையில் எதைச் செய்யாமல் நிற்கிறது என்று காட்டினால்தான் கணக்கில் வரும்.

அவன் தன் வாக்குமூலத்தை 21-4138 படிவத்தில் எழுதட்டும். மனைவியோ கூடப் பணியாற்றியவரோ எழுதினால் 21-10210. ‘தாங்க முடியாத வலி’ போன்ற சொற்களால் பயன் இல்லை. எத்தனை மணி நேரம், எந்தப் படியில் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பிரேக் மிதிக்கும்போது என்ன ஆகிறது, பட்டையை எப்போது கட்டுகிறான் என்று எழுத வேண்டும். வலி, வீக்கம், கால் மடங்குவது ஆகியவற்றைச் சொல்ல சாமானியருக்குத் தகுதி உண்டு. எலும்புத் தேய்மானம் என்று நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் வேலை, அதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

இடது கால் விவகாரம் வேறு. வலது காலைக் காப்பாற்றி நடந்ததால் இடது கெட்டது என்பது அவன் வாதம். பரிசோதகர் ‘வலது காலால் உண்டானதல்ல’ என்று மட்டும் எழுதிவிட்டார். விதி 3.310-இல் இரண்டு வாசல் இருக்கிறது: ஒன்று உண்டாக்கியது, மற்றொன்று இருந்ததை மோசமாக்கியது. இரண்டாவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை நிரப்ப ஒரு டாக்டரின் கருத்து வேண்டும். கோப்பைப் படித்தேன் என்றும், நடை எப்படி மாறியது, எடை எந்தப் பக்கம் சாய்ந்தது, அதனால் எந்தத் தசைநார் தேய்ந்தது என்றும் எழுதி, கடைசியில் ‘குறைந்தது சரிபாதி வாய்ப்பு’ என்று முடிக்க வேண்டும். காரணம் இல்லாத ஒரு வரிச் சான்றிதழைக் குப்பையில் போடுவார்கள். மோசமானது என்ற வாதத்துக்கு, அதற்கு முன்பு கால் எந்த நிலையில் இருந்தது என்ற பழைய மருத்துவக் குறிப்பும் தேவை. அந்த அளவைக் கழித்துத்தான் சதவீதம் தருவார்கள்.

எந்தப் படிவம் என்று கேட்டிருந்தாய். 2019 பிப்ரவரி 19-க்குப் பிறகு மூன்று வழி. 20-0995 புதுச் சான்று சேர்க்க. 20-0996 மூத்த அதிகாரி மறுபார்வைக்கு, புதுச் சான்று ஒன்றும் வைக்க முடியாது. 10182 அப்பீல் போர்டுக்கு, அது நெடுநாள் வேலை, இப்போதைக்கு வேண்டாம். பலருக்குத் தெரியாதது: ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனி வழியில் அனுப்பலாம். இடது காலுக்குச் சான்றே இல்லை, ஆகவே 0995. வலது காலின் ஓட்டை தாளிலேயே கிடக்கிறது, அதற்கு 0996 போட்டு, தொலைபேசி உரையாடலையும் கேட்டுக்கொண்டு, ஷார்ப், கொரேயா இரண்டையும் சொன்னால் திரும்பப் பரிசோதனைக்கு அனுப்ப வைக்கலாம். சொந்த டாக்டர் கோனியோமீட்டரால் அளந்து கணுக்கால் டி.பி.க்யூ. படிவத்தை (பரிசோதகர் நிரப்பும் வி.ஏ. கேள்வித்தாள்) நிரப்பித் தருவார் என்றால் வலதையும் 0995-இலேயே போடுவேன். புதுப் பரிசோதகர் எப்படி அளப்பாரோ என்ற கவலை குறையும். எதுவானாலும் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள். தாண்டினால் பழைய தேதிக்கான பாக்கிப் பணம் போய்விடும்.

10%-க்காக இவ்வளவு பாடா என்று நினைக்காதே. அவனுக்கு மனநலத்துக்கு 50% ஏற்கெனவே இருக்கிறது. வி.ஏ. சதவீதங்களை நேராகக் கூட்டாது, முதலாவதைக் கழித்து மிச்சமிருப்பதில்தான் அடுத்ததை எடுக்கும். வலது 20, இடது 10 கிடைத்தால் இரண்டும் சேர்ந்து 28. இரு கால் என்பதால் அதில் பத்திலொன்று, 2.8, கூடி 30.8, முழுமையாக்கினால் 31. 50-உடன் 31 சேர்த்தால் 66, அதைப் பக்கத்துப் பத்துக்கு முழுமையாக்கினால் 70% ஆகும். இரு கால் சேர்க்கையை விட்டுவிட்டால் 64, வெறும் 60%. கடிதம் வந்ததும் இந்தக் கணக்கை நீயே போட்டுச் சரிபார்.

20-க்கு மேல் 5271-இல் போக முடியாது. மூட்டு இறுகிப்போனால்தான் 5270, அது 40 வரை. முழங்காலைப் போலத் தள்ளாட்டத்துக்குத் தனிக் குறியீடு கணுக்காலுக்கு இல்லை, அதைத் துரத்தாதே. ஆனால் அறுவைத் தழும்பு தொட்டால் வலிக்கிறதா என்று கேள். ஒன்றோ இரண்டோ இருந்தாலே 7804-இல் தனியாக 10%. மறுபடி அறுவை செய்து குறைந்தது ஒரு மாதம் ஓய்வு தேவைப்பட்டால், விதி 4.30-இன்படி அந்தக் காலத்துக்கு 100% தற்காலிகமாகக் கிடைக்கும். இது விண்ணப்பிக்காமல் விட்டுப்போவதே அதிகம்.

மாவ்னி (தேவையான திறமையுள்ள வெளிநாட்டவரை அமெரிக்கப் படையில் சேர்த்த திட்டம்) வழியாகச் சேர்ந்தவன், அதனால் ஏதும் சிக்கலா என்று கேட்டிருந்தாய். இல்லை. பணி விடுப்புச் சான்றான டி.டி.-214-இல் ‘ஹானரபிள்’ (நற்பெயருடன் விடுவிப்பு) என்றிருக்கிறது, அது போதும்.

கட்டணம் கேட்டு வந்தவர்களைக் கிட்டே சேர்க்காதே. வி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துக்கொள். டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் இலவசமாகவே செய்து தருகிறார்கள். சதவீதம் கூடினால் கூடும் மாதத் தொகையை ஐந்தாறு மாதத்துக்கு எனக்குக் கொடு என்பவன் பெரும்பாலும் அங்கீகாரம் இல்லாதவன்.

தீர்மானக் கடிதத்தின் முதல் பக்கம் ஸ்கேனில் வெட்டுப்பட்டிருக்கிறது, தேதி தெரியவில்லை. அதையும், பணிக்கால மருத்துவக் குறிப்பில் முதல் சுளுக்கு பதிவான பக்கத்தையும் அனுப்பு. வாக்குமூலத்தை அவன் எழுதியதும் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.

உன்,
சேது