மின்சார ஸ்கூட்டரில் பள்ளிக்கு வரும் பிள்ளைகள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து பள்ளிக்கு வெளியே, பெட்டிக்கடைப் பக்கமும் எதிர்ச் சந்திலும், மின்சார ஸ்கூட்டர்கள் நிற்பதைப் பார்க்கிறேன். வளாகத்துக்குள் விடமாட்டோம் என்று தெரிந்து, வெளியே நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஓட்டி வருபவர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சில நாள் ஒரே வண்டியில் மூன்று பேர். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கூப்பிட்டுக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "மிஸ், இதுக்கு லைசென்ஸ் வேணாம், கடையிலேயே சொன்னாங்க." பெற்றோர் சிலரிடம் பேசியபோதும் இதே பதில்தான் வந்தது.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வந்தவை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் உள்ள பேட்டரி வண்டியை அந்த விதிகள் மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வண்டிக்குப் பதிவு எண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் இதைக் கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் ஒன்று அந்த மாடலைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட சோதனை நிறுவனங்களாகப் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, நம் ஒரகடத்திலேயே ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. வண்டி வாங்கியிருந்தால் அந்தச் சான்றின் நகலைக் கடையில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், 'லைசென்ஸ் வேண்டாம்' என்று அவர் சொன்னதை நம்புவதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆன்லைனில் வாங்கும், நின்றுகொண்டே ஓட்டும் சின்ன ஸ்கூட்டருக்கும் இதே கதைதான்.

இந்த அளவுகளைத் தாண்டிய எந்த மின்சார ஸ்கூட்டரும் பெட்ரோல் வண்டி மாதிரியே மோட்டார் வாகனம். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருந்தால் அது பதிவான சொந்த வண்டி. அதை ஓட்ட உரிமம் வேண்டும், காப்பீடு வேண்டும், ஹெல்மெட் வேண்டும். "16 வயசானா ஓட்டலாமே" என்று ஒரு தந்தை கேட்டார். சட்டம் 16 வயதில் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டும். இன்று தெருவில் ஓடும் எக்ஸ்.எல். வண்டியே 99 சிசிக்கு மேல். அதோடு நம் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 16 வயதே ஆகவில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது நம்பர் பிளேட் இல்லாமல், ஆனால் 40, 45 வேகத்தில் பறக்கும் வண்டிகள். வாங்கும்போது அது 25-க்குள் ஓடும் வண்டியாக இருந்திருக்கும். அப்புறம் யாரோ ஒரு மெக்கானிக் வேகக் கட்டுப்பாட்டை நீக்கி, அதாவது 'லாக்' எடுத்துக் கொடுத்திருப்பார். வண்டியின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது கன்ட்ரோலர் என்ற பாகம். அதில் கை வைத்தால் வேகம் கூடும். பிரேக்கும் டயரும் பழையபடியேதான் இருக்கும்; அவை அந்த வேகத்துக்காகப் பொருத்தப்பட்டவை அல்ல. பேட்டரியும் தாங்க வேண்டியதைவிட அதிக மின்னோட்டத்தைக் கொடுத்துச் சூடாகும். சட்டப்படி பார்த்தால், லாக் எடுத்த நிமிடமே அந்த வண்டிக்கு இருந்த விலக்கு போய்விடுகிறது. அதன் பிறகு அது பதிவு செய்யாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம். அதை ஓட்டுவது 14 வயதுப் பிள்ளை.

இங்கே சட்டம் பிள்ளையைவிட உங்களைத்தான் முதலில் பார்க்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சிறுவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது முடியும்வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது. உங்களுக்குத் தெரிந்தே ஓட்டினான் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதையோ, தடுக்க வேண்டிய எல்லாம் செய்தேன் என்பதையோ நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் ஓட்டி யாருக்காவது அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கவும் முடியும். காப்பீடே இல்லாத வண்டி என்றால் முழுத் தொகையும் உங்கள் தலையில். தினக்கூலியிலும் மாதச் சம்பளத்திலும் ஓடும் குடும்பத்துக்கு அது எத்தனை வருடக் கடன் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சான்று இருக்கிறது, 250 வாட்டுக்குள்தான், லாக்கும் எடுக்கவில்லை. அப்போது ஓட்டலாமா? அந்த வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் வயது வரம்பு சொல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் நம் பகுதிச் சாலைகளில் பிள்ளைகள் அதை ஓட்டக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரணம் நம் வடசென்னைச் சாலைகள்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மணலி பக்கம் டேங்கர் லாரிகள். டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்) பேருந்து, ஷேர் ஆட்டோ, மீன் வண்டி எல்லாம் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. 40 அடிக் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது; உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரி முன்பக்கம் வலதுபுறமாக ஒதுங்குவதைப் பார்த்து, இடது பக்கம் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஒரு பிள்ளை நுழைந்தால், அந்த இடம் சில நொடிகளில் இல்லாமல் போகும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, தன் இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஒட்டி நிற்கும் சின்ன வண்டி தெரியாது. கண்ணாடியிலும் முழுதாகத் தெரியாது. மின்சார வண்டியில் என்ஜின் சத்தமும் இல்லை என்பதால் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. உங்களில் பலர் ஹார்பரிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் வேலை செய்கிறீர்கள், சிலர் அந்த டிரெய்லரையே ஓட்டுகிறீர்கள். இதை நான் சொல்வதைவிட நீங்கள் வீட்டில் சொன்னால் பிள்ளை கேட்பான். தயவுசெய்து சொல்லுங்கள். முடிந்தால் நிறுத்தியிருக்கும் லாரியின் டிரைவர் சீட்டில் ஒரு முறை உட்கார வைத்துக் காட்டுங்கள்.

பெரிய சாலை வேண்டாம், சந்துக்குள்ளேயே ஓட்டட்டும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 25 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். பிள்ளை ஆபத்தைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் வண்டி நம் வகுப்பறை ஒன்றின் நீளத்தைக் கடந்திருக்கும். காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைச் சந்துகளில் வீட்டு வாசற்படியே தெருவில்தான் இருக்கிறது. தண்ணீர்க் குடம் தூக்கி வரும் பாட்டிக்குச் சத்தமில்லாத வண்டி வருவது தெரியாது. அவர் விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பொறுப்பு? குறைந்த வேக வண்டிக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை என்பதன் இன்னொரு பக்கம், அடிபட்டவருக்கு இழப்பீடு தரவும் அங்கே காப்பீடு இல்லை என்பது.

இந்த வண்டிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்டி ஆனில் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துத் தெரியாது. நிறுத்தி வைத்த வண்டியை நகர்த்தும்போது கை ஆக்சிலரேட்டரில் பட்டால் போதும், சட்டென்று பாயும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாவியை வண்டியிலேயே விடாதீர்கள்.

சார்ஜ் போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்தது. அந்தப் புகையில் ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். நம் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் வயது. வாரியக் குடியிருப்புகளில் மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்தி, மேலேயிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். தீப்பிடித்தால் மேல் மாடியில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் வெளியேறும் வழி அந்தப் படிதான். வீட்டு வாசலையோ படியையோ அடைத்து வண்டியை நிறுத்தாதீர்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்த வேண்டாம். மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நினைவிருக்கும். அப்படி மூழ்கிய வண்டியைக் காய வைத்துவிட்டு நீங்களே சார்ஜில் போடக்கூடாது. நிறுவனத்தின் சர்வீஸ் ஆட்கள் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

பிள்ளைகள் ஏன் வண்டி எடுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், அப்பா இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிறார், தம்பியையோ தங்கையையோ பால்வாடியில் விட்டுவிட்டு வர வேண்டியது இந்தப் பிள்ளைதான். நேரமாகிவிடும் என்ற பயத்தில் வண்டியை எடுக்கிறார்கள். அப்படி உங்கள் வீட்டில் நிலைமை இருந்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை காலைக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தாலும் வெளியே நிற்க வைக்க மாட்டோம். பள்ளிக் கேட்டை வரும் திங்கள் முதல் காலை 7.45-க்கே திறந்து வைக்கிறோம். சீருடையில் வரும் பிள்ளைகளுக்கு மாநகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. நடந்தோ சைக்கிளிலோ வரும் பிள்ளைகளைப் பள்ளி விடும் நேரத்தில் மெயின் ரோட்டைக் கடக்க வைக்க இரண்டு ஆசிரியர்கள் வாசலில் நிற்பார்கள்.

நீங்களே வண்டியில் கொண்டுவந்து விட்டால் மிகவும் நல்லது. ஆனால் 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், பின்னால் உட்கார்ந்தாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் அணிய வேண்டும். பிள்ளையின் தலை அளவுக்கு வாங்குங்கள். உங்களுடையதைப் போட்டுவிட்டால் விழும்போது கழன்று ஓடிவிடும். ஹெல்மெட்டை நாள் முழுக்க எங்கே வைப்பது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அலுவலகம் பக்கத்தில் அலமாரி ஒன்று ஒதுக்கியிருக்கிறோம்.

இனி மாணவர் யாராவது மின்சார ஸ்கூட்டர் ஓட்டி வந்தால், பள்ளிக்கு வெளியே நிறுத்தியிருந்தாலும் சரி, சாவியை வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொண்டு உங்களை அழைப்போம். நீங்கள் நேரில் வந்துதான் வண்டியை எடுத்துப் போக வேண்டும். பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அனுப்ப மாட்டோம், எல்லோர் முன்னாலும் திட்டவும் மாட்டோம். அதே பிள்ளை மறுபடியும் ஓட்டி வந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் உங்களோடு உட்கார்ந்து பேசுவோம்.

வண்டி வைத்திருப்பவர்கள் இந்த மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது, வாங்கிய பில், சோதனைச் சான்று நகல், இருந்தால் ஆர்.சி. ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். எந்த வண்டி எந்த வகையில் வருகிறது என்று அறிவியல் ஆசிரியர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எந்த வேலை நாளிலும் மாலை 4.30-க்குப் பிறகு என்னை வந்து பார்க்கலாம். கீழே உள்ள துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்