மார்கரெட் பர்பிட்ஜ் எங்கே போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நட்சத்திரங்களில் மூலகங்கள் உருவாவது பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். இப்படியொரு விஷயத்துக்குத் தமிழில் முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. பௌதிகவியலாளர் வில்லியம் பௌலரின் ஆராய்ச்சி வாழ்க்கையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். 1983இல் நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட சந்திரசேகர் தமிழர் என்பதையும் மறக்காமல் எழுதியிருந்தார். மறந்திருந்தால் நாம் விட்டிருப்போமா!

ஆனால் படத்துக்குக் கீழே போட்டிருந்தது இது: ‘பௌலர், ஹோய்ல் மற்றும் இருவர்’. ஹோய்ல் என்பவர் வானியலாளர் ஃப்ரெட் ஹோய்ல். அந்த இருவரில் ஒருவர் வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ், மற்றவர் அவருடைய கணவர் ஜெஃப்ரி. மூலகங்கள் நட்சத்திரங்களில் எப்படி உருவாகின்றன என்று விளக்கியதாக உங்கள் கட்டுரை புகழ்ந்து தள்ளிய 1957ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையை இந்த நான்கு பேரும் சேர்ந்துதான் எழுதினார்கள். அதில் முதலாவதாக நிற்பதே மார்கரெட்டின் பெயர். ஆங்கில எழுத்து வரிசையில் வந்த முதலிடம்தானே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். அதற்காகப் பெயரையே விட்டுவிடுவதா?

நூறு பக்கத்தைத் தாண்டும் அந்த ஆய்வுக்கட்டுரை வெறும் கருத்தாக்கக் கணக்குகளால் ஆனதல்ல. நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்து, எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று எடுத்த அளவீடுகளும் அதற்கு அடித்தளம். அதில் கைதேர்ந்தவர் மார்கரெட். 1952இல் பால் மெரில் என்பவர் சில செந்நிற நட்சத்திரங்களில் டெக்னீசியத்தைக் கண்டிருந்தார். அந்த மூலகத்துக்கு நிலையான சமதானியே (ஒரே மூலகத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணு வகை) கிடையாது. அதிக காலம் தாக்குப்பிடிக்கும் சமதானியின் அரைவாழ்வுக் காலமும், அதாவது பாதி அணுக்கள் சிதைந்துபோக எடுக்கும் காலமும், சில மில்லியன் ஆண்டுகள்தான். நட்சத்திரத்தின் வயதோ அதைவிடப் பல மடங்கு. அப்படியென்றால் டெக்னீசியம் அங்கேயே உண்டாகியிருக்க வேண்டும். பர்பிட்ஜ் தம்பதி பேரியம் மிகுந்த இன்னொரு நட்சத்திரத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். அணுக்கருக்கள் நியூத்திரன்களை ஒவ்வொன்றாக, ஆறுதலாக உள்வாங்கிப் பாரமான மூலகங்களாகின்றன என்ற கருத்துக்கு அந்த அளவுகள் பலம் சேர்த்தன.

இந்த வேலைக்காக அவர் தொலைகாட்டிக்குப் போய்ச் சேர்ந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1945இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்க்க வழிசெய்யும் கார்னகி புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தபோது, அங்கே பெண்களுக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதே புலமைப்பரிசில் ஜெஃப்ரிக்குக் கிடைத்தது. அவரோ கோட்பாட்டுப் பௌதிகவியல்காரர். அப்புறம் என்ன, அந்த மலையில் இரவிரவாக நட்சத்திரம் பார்த்தவர் மார்கரெட். காகிதத்தில் மட்டும் கணவரின் உதவியாளர். 1972இல் கிரீனிச் அரச வானாய்வகத்துக்குப் பணிப்பாளராக வந்தார். அந்தப் பதவியோடு காலங்காலமாகச் சேர்ந்து வந்த ‘அரச வானியலாளர்’ பட்டத்தை அப்போது பார்த்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பெண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த ஒரு பரிசை 1971இல் அவர் வேண்டாம் என்று சொன்னதும் ஞாபகத்துக்கு வருகிறது. ஒதுக்குவதும் பெண் என்பதால், பரிசு தருவதும் பெண் என்பதால் என்றால் எரிச்சல் வராதா? 2020இல், நூறு வயதில் காலமானார்.

நான் ஹட்டன் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்கள் கட்டுரையை வெட்டி, வகுப்பில் ஆவர்த்தன அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தோட்டத்தில் தேயிலைக்குச் சிங்க் சல்பேட் அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ‘அந்த சிங்க்கும் நட்சத்திரத்தில் இருந்தா வந்தது டீச்சர்?’ என்று கேட்ட ஒரு மாணவி, அடுத்ததாகப் படத்தில் இருக்கும் அம்மா யார் என்று கேட்டாள். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுத்துவிட்டு உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போகும் பெண்பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். பல தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவே இல்லை. டவுனுக்குப் போய்ப் படிக்க பஸ் செலவு, இருட்டின பிறகு டியூசனுக்கு அனுப்ப வீட்டில் பயம். இதையெல்லாம் ஒரு பத்திரிகை சரிசெய்துவிட முடியாது, அது எனக்கும் தெரியும். பெயரைப் போடலாம் அல்லவா?

சாதாரண தரப் பெறுபேறு வந்து, பிள்ளைகள் உயர்தரப் பாடங்களைத் தெரிவுசெய்யும் நேரத்தில் உங்கள் மாணவர் பக்கத்தில் மார்கரெட் பர்பிட்ஜைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், விடுமுறையில் நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.