ஆளில்லாத பெஞ்சுகள்

அன்புள்ள செல்விக்கு,

நலம். நலமறிய ஆவல். கால் கட்டை அடுத்த வாரம் பிரிப்பார்களாம். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக் பற்றி நீ அனுப்பிய புத்தகம் இல்லாவிட்டால் இதற்குள் உன் அம்மாவோடு பத்து சண்டை போட்டிருப்பேன்.

போஸ்டர்கள் தெரிந்தவைதான், வேகமாகப் புரட்டிவிட்டேன். சர்க்கஸ் படங்களில் வந்து நின்றுபோனேன். 1899இல் குடி முற்றி, பாரிஸுக்குப் பக்கத்தில் நெய்யியில் ஒரு மருத்துவமனையில் அவரை அடைத்து வைத்தார்கள். வயது 34. அங்கே குதிரை ஏது, கோமாளி ஏது? வண்ணப் பென்சிலும் கறுப்புக் கிரேயானுமாக 39 படங்கள், எல்லாம் நினைவிலிருந்து! புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர்களுக்குக் காட்டியாக வேண்டுமே. மே மாதம் வெளியே விட்டார்கள். படம் வரைந்து விடுதலையை வாங்கினேன் என்று சொன்னாராம்.

சிறு வயதில் அவரை ஃபெர்னாந்தோ சர்க்கஸுக்குக் கூட்டிப்போனவர் பிரான்ஸ்தோ என்ற குதிரை ஓவியர், காது கேளாதவர். லோத்ரெக்குக்கு 13, 14 வயதில் இரண்டு தொடை எலும்பும் முறிந்து கால் வளராமலே நின்றுவிட்டது. இப்போது என் காலும் கட்டில் கிடப்பதால் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

பெஞ்சு வரிசைகளைக் கவனித்தாயா? பல படங்களில் ஒரு ஆள் கிடையாது. ஆஸ்பத்திரித் தனிமை என்பார்கள். எனக்கென்னவோ அது ஒத்திகை நேரம் என்றே படுகிறது.

அப்புறம் ஒரு விஷயம். ஆறாம் வகுப்பில் நீ ஒரு குதிரை வரைந்து எடுத்து வந்தாய். எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்டேன். “பார்க்கலப்பா, நெனச்சு வரைஞ்சேன்” என்றாய். பின்னங்கால் முட்டி தப்பு என்று சிவப்பு மையால் திருத்தினேன். அதற்குப் பிறகு நீ குதிரை வரையவே இல்லை. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ‘பார்த்து வரை’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்லிக்கொடுத்தேன்? இவர் படங்களிலும் அளவு கோணல்தான். என் சிவப்பு மை பட்டால் பாதிப் படம் சிவந்துவிடும். ஆனால் முன்னங்காலை நீட்டி ஸ்பானிய நடை போடும் அந்தக் குதிரையின் கனம் இருக்கிறதே, அதை எந்த முட்டித் திருத்தமும் தராது. உன் குதிரையைத் தொட்டிருக்கக் கூடாது நான்.

நேற்று பழைய வீட்டுக் கிணற்றடியை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். துவைக்கிற கல் கிணற்றுக்கு எந்தப் பக்கம் இருந்தது? அம்மா வலப்பக்கம் என்கிறாள், எனக்குச் சந்தேகம். ஞாபகம் இருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா