தலைப்பிரசவத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. இங்கே அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு என் முழங்கால் வலி மட்டும்தான் விடுப்பு எடுக்காமல் வேலை பார்க்கிறது.

மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். மகள் வலிக்குப் பயந்து, முன்கூட்டியே நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொள்கிறேன் என்கிறாள். சம்பந்தி வீட்டார் அதற்குள் நட்சத்திரமும் பார்த்துவிட்டார்கள். நீயோ சுகப்பிரசவம்தான் நல்லது என்று பிடிவாதமாக நிற்கிறாய். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறாய். தீர்ப்பு என்னிடம் இல்லை. உன் மகள் முடிவெடுக்கும் முன் எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ, அவற்றை எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடமே கொடுத்துவிடு.

முதலில் நஞ்சைப் பற்றி, அதாவது கர்ப்பப்பையில் ஒட்டியிருந்து குழந்தைக்கு ஊட்டம் கொடுக்கும் பிளசென்டாவைப் பற்றி. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பதாக எழுதியிருந்ததைச் சொல்லியிருந்தாய். அந்தச் சமயத்தில் அப்படிச் சொல்லப்படும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கர்ப்பப்பை வளர வளர அது மேலே ஏறிவிடும். அதனால் 32-ஆவது வாரத்திலும், தேவைப்பட்டால் 36-ஆவது வாரத்திலும் மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் விவாதத்துக்கே இடமில்லை, சிசேரியன்தான். வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தாலும் பெரும்பாலும் அதுவே முடிவாகும். குழந்தை குறுக்காகக் கிடந்தாலும் அப்படியே. தலை மேலும் இடுப்பு கீழுமாக இருந்தால், 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் சிசேரியனே வழக்கமாகிவிட்டது. ஆயினும் வயிற்றின் மேலிருந்து கையால் மெல்லத் திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு, அது ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பலிக்கும், தலைப்பிரசவத்தில் அதைவிடச் சற்றுக் குறைவு. இவை எதுவும் இல்லாமல் தலை கீழ்நோக்கி இருந்தால்தான் உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கே பொருள் உண்டு.

அந்த வாக்குவாதத்தில் நீங்கள் இருவருமே ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். நீ நல்லபடியாக முடிந்த சுகப்பிரசவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறாய். அவள் நல்லபடியாக முடிந்த சிசேரியனை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறாள். சிசேரியனுக்கு நாள் குறித்தால் அநேகமாகச் சிசேரியன் நடந்துவிடும். சுகப்பிரசவத்துக்குக் காத்திருப்பது அப்படியல்ல. அது இயல்பாகவும் முடியலாம், வாக்குவம் என்ற உறிஞ்சு கருவியோ இடுக்கி போன்ற ஆயுதமோ போட்டு எடுப்பதிலும் முடியலாம், பல மணி நேர வலிக்குப் பின் அவசரச் சிசேரியனிலும் முடியலாம். தலைப்பிரசவத்தில் இந்தக் கடைசி வகை அபூர்வமன்று. அதில் தாய்க்கு ஏற்படும் ரத்தப்போக்கும் தொற்றும் திட்டமிட்ட சிசேரியனைவிட அதிகம். ஆகவே திட்டமிட்ட சிசேரியனோடு ஒப்பிட வேண்டியது நீ சொல்லும் சுகப்பிரசவத்தை அல்ல, இந்த மூன்று முடிவுகளும் அடங்கிய முயற்சியை.

அப்படி ஒப்பிட்டாலும், உடல்நலமுள்ள பெண்ணுக்கு முயற்சி செய்து பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் முதல் பிரசவத்தில் இல்லை, அடுத்ததில் இருக்கிறது. கர்ப்பப்பையில் ஒரு தழும்பு விழுந்த பிறகு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பின் மேல் ஊன்றிக்கொண்டு, குழந்தை பிறந்தபின் பிரியாமல் போகும் அபாயம் ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடுகிறது. அமெரிக்காவில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து, 2006-இல் வெளிவந்த ஆய்வில், முதல் சிசேரியனின்போது 0.24 சதவீதமாக இருந்த இந்த அபாயம் நான்காவதில் 2 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அப்படி நஞ்சு ஊன்றிவிட்டால் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே எடுக்க நேரிடும். நம் ஊரில் யார் நான்கு பெறுகிறார்கள் என்று உன் மகள் கேட்பாள். நியாயமான கேள்விதான், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணமுள்ளவளுக்கு இந்த வாதத்தின் கனம் குறைந்துவிடுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வேண்டும் என்பவள் மட்டும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: முதல் சிசேரியனுக்குப் பின் இயல்பான பிரசவத்துக்கு முயல்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடும் என்றாலும், தழும்பு பிரியும் அபாயம் இருநூறில் ஒருவருக்கு உண்டு என்பதால் நம் ஊர் மருத்துவமனைகள் பல அந்த முயற்சிக்கே சம்மதிப்பதில்லை. எனவே இங்கே முதல் முடிவு பெரும்பாலும் இரண்டாவதையும் சேர்த்து எடுக்கப்படும் முடிவு.

சுகப்பிரசவத்தின் கஷ்டங்களை உன் தலைமுறையும் என் தலைமுறையும் வெளியே சொன்னதில்லை. அதனால் அவை இல்லாதவை ஆகிவிடவில்லை. தலைப்பிரசவத்தில் கிழிசல் ஏற்படுவது மிகச் சாதாரணம். நூறில் சுமார் ஆறு பேருக்கு அது ஆசனவாயின் தசைவரை போகிறது என்பது இங்கிலாந்தின் கணக்கு. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதும் சுகப்பிரசவமானவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சிசேரியனில் இவை குறைவு. அதற்குப் பதிலாக வயிற்றுத் தையலின் வலி, தொற்று, காலில் ரத்தம் உறையும் அபாயம், சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்க முடியாத நிலை ஆகியவை இருக்கின்றன.

இனி வலியைப் பற்றி. உன் மகள் பயப்படுவதை நீ கேலி செய்தாய் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடு. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் எபிடியூரல் இருக்கிறது. அதனால் சிசேரியன் கூடுவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கூடவே ஒருவர் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் சிசேரியன் குறைகிறது என்பதும் நிறுவப்பட்டதே. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. ஆனால் பணம் வாங்கும் சில இடங்களில் இன்றும் வீட்டாரைக் கதவுக்கு வெளியேதான் நிறுத்துகிறார்கள்.

அதனால்தான் எந்த முறை என்பதற்கு முன் எந்த மருத்துவமனை என்று கேட்கச் சொல்கிறேன். முன்பு சொன்ன தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதப் பிரசவங்களும், தனியாரில் 63.8 சதவீதமும் சிசேரியன். பெண்களின் இடுப்பு எலும்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுவதில்லை. பணத்தாசை என்று எல்லோரையும் ஏசவும் நான் தயாரில்லை. ஒரே ஒரு மகப்பேறு மருத்துவர் நடத்தும் சிறிய நர்சிங் ஹோமில், மயக்க மருந்து கொடுப்பவர் வெளியிலிருந்து வர வேண்டிய நிலையில், இரவு இரண்டு மணிக்கு அவசரம் வருவதைவிட மாலை ஆறு மணிக்கே எடுத்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பாகத் தெரியும். இருபத்து நான்கு மணி நேரமும் மயக்க மருத்துவர் உள்ளே இருக்கிறாரா, எபிடியூரல் உண்டா, துணைக்கு ஆள் விடுவார்களா, தலைப்பிரசவத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது என்ற நான்கையும் நேரில் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எரிச்சல்படும் இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்று பயமுறுத்தினால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு அப்படி இருக்கும், அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. குழந்தை பெரிது என்பதும் அப்படித்தான். ஸ்கேன் சொல்லும் எடை பத்துப் பதினைந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். வலி தொடங்கியபின் கர்ப்பப்பை வாய் மெதுவாகத் திறக்கிறது என்று அவசரப்படுத்துவதும் உண்டு. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற பழைய கணக்கை வைத்து மட்டும் தலையிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லிவிட்டது. நாங்கள் படித்த காலத்தில் அந்தக் கணக்குத்தான் வேதம்.

சம்பந்தி வீட்டார் பார்த்திருக்கும் நட்சத்திரம் 37-ஆவது வாரத்தில் வருகிறது என்று எழுதியிருந்தாய். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. வலி எடுக்கும்போதுதான் குழந்தையின் நுரையீரலில் உள்ள நீர் வேகமாக உறிஞ்சப்படுகிறது. வலியே வராமல், 39 வாரம் நிறைவதற்குள் எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து, தாயை விட்டுப் பிரித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேரிடலாம். மருத்துவக் காரணமின்றி 39 வாரத்துக்கு முன் வேண்டாம் என்பதே மருத்துவர்களுக்கு நெறிமுறை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு தரும் வழிகாட்டுதல். நாள் குறித்தே ஆக வேண்டுமென்றால் கத்தி இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது: அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட தலைப்பிரசவப் பெண்களிடம் நடந்து, 2018-இல் வெளிவந்த ஆய்வில், 39-ஆவது வாரத்தில் மருந்து வைத்து வலி வரவழைத்தவர்களுக்குச் சிசேரியன் 18.6 சதவீதமாகவும், காத்திருந்தவர்களுக்கு 22.2 சதவீதமாகவும் இருந்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின்னும் உன் மகள் சிசேரியனே வேண்டும் என்றால், அதை அவளுடைய முடிவாக ஏற்றுக்கொள். நைஸ் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது: பயத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கொடு, விளக்கிச் சொல், அதன் பிறகும் அவள் விரும்பினால் செய்து கொடு.

32-ஆவது வார ஸ்கேன் முடிந்ததும் நஞ்சு எங்கே இருக்கிறது, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டையும் எனக்கு எழுது. மருத்துவமனையில் கேள்வி கேட்கத் துணை வேண்டுமென்றால் சொல். முழங்காலைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி