பம்ப் ஓடுதா?

சேலம்
மே 20, 2025

டேய் மொட்டை,

திட்டி முடித்துவிட்டுப் படி. நம் நெய்வேலி நினைவு மலருக்கு என்று பிப்ரவரியில் நீ கேட்ட கட்டுரை மே பிறந்தும் வரவில்லை. ஏழு தடவை போன் போட்டாய், ஒரு தடவைகூட நான் எடுக்கவில்லை. எடுத்தால் "எழுதிட்டியா?" என்பாய், "பாதி முடிஞ்சுது" என்று நான் புளுக வேண்டியிருக்கும். ஆறாம் வகுப்பில் சுலபமாக வந்த புளுகு அறுபத்தைந்தில் வர மாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப்பில் நீ தினமும் அனுப்புகிற ரோஜாப்பூ வணக்கத்தை மட்டும் தவறாமல் பார்த்துவந்தேன். அதை நிறுத்திவிடாதே. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் கிடையாது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்கு முட்டிவலி, அவளுக்கு என்னால் தலைவலி. மல்கோவா இன்னும் விலை இறங்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 92 ஆகிறது. உடம்பு தேக்கு மாதிரிதான் இருக்கிறது, நினைவுதான் கழன்றுகொண்டே வருகிறது. என்னைச் சில நாள் தன் தம்பி என்கிறார், சில நாள் ஷிப்ட் இன்சார்ஜ் என்கிறார். இன்சார்ஜ் ஆகும் நாட்களில் எனக்கு மரியாதை பலமாகக் கிடைக்கிறது, வெட்கமில்லாமல் அனுபவித்துக்கொள்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வி: "பம்ப் ஓடுதா?" முதல் தடவை, மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டாரைக் கேட்கிறார் என்று நினைத்து "நிறுத்தியாச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும். "எவன்டா நிறுத்தச் சொன்னது? கீழே ஆளுங்க இருக்காங்கடா!" செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையில், அப்பாவை நான்தான் அடித்துவிட்டேன் என்று இருந்தது.

நெய்வேலிச் சுரங்கத்தில் உன் அப்பா பக்கெட் வீல் ஆள், வாளிச் சக்கரத்தால் மண் வெட்டுகிற எந்திரம். அவர்களுக்குத்தான் பேரும் படமும். ஜெர்மன்காரன் எந்திரம், வாளி ஒன்றுக்கு 700 லிட்டர், அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு போட்டோ. எங்கள் அப்பா ஜி.டபிள்யூ.சி., அதாவது நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு. நிலத்தடி நீரை இறைக்கிறவனை யார் படம் எடுப்பார்கள்? ஆனால் அந்தப் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. மேல் மண்ணை எடுத்துவிட்டால் அதை அமுக்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. கரியைப் பிளந்துகொண்டு பொங்கிக் குழியை மூழ்கடித்துவிடும். சுரங்கத்தைச் சுற்றி ஆழக் கிணறுகள் போட்டு ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே ஆள் நிற்க முடியும். தீபாவளியானாலும் புயலானாலும் பம்ப் நிற்கக் கூடாது. நம் வீடுகளில் மின்விசிறி நின்றால் மற்றவர்களுக்கு வேர்க்கும், எங்கள் வீட்டில் அப்பா சைக்கிளை எடுப்பார். ஞாபகம் இருக்கிறதா, உன் அக்கா கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் பாயசத்துக்கு முன்னால் எழுந்து போனது? உன் பாட்டி அதற்காகக் கடைசிவரை அவரை மன்னிக்கவே இல்லை.

இப்போது எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஒரு பக்கம் ஏற்காடு மலை தெரிகிறது, இன்னொரு பக்கம் மாமாங்கத்து வெள்ளைக்கல் மேடுகள். சாயங்காலம் அப்பாவை அங்கே உட்கார வைப்போம். மலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மேக்னசைட் மேட்டையே, கரிக்கு மேலிருந்து வெட்டிக் கொட்டிய மண் என்று நினைத்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஓவர்பர்டன் ஏன்டா வெள்ளையா வருது? லேப்ல காட்டினீங்களா?" என்பார். காட்டியாச்சுப்பா என்பேன். இன்சார்ஜ் என்றால் சும்மாவா.

அப்புறம் உன் மலர். நீ அனுப்பிய முன்னுரையைப் படித்தேன். 'யாருமற்ற முந்திரிக் காடாகக் கிடந்த இடத்தில் நம் தந்தையர் ஒரு நகரத்தை எழுப்பினார்கள்.' படித்ததும் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. நானும் அந்தச் சுதியில்தான் ஆரம்பித்தேன். 1956 நவம்பரில் என்.எல்.சி. கம்பெனி பிறந்தது, அடுத்த வருஷம் இதே மே 20 அன்று நேரு வந்து வேலையைத் தொடங்கி வைத்தது, நம் அப்பாக்கள் டிரங்குப் பெட்டியோடு வந்து தகரக் கொட்டகையில் படுத்தது, பாயை உதறினால் தேள் விழுந்தது. கரி எட்டிவிடும் தூரம் என்று சொல்லி அழைத்துவந்தார்கள். எட்டியதோ 1961 ஆகஸ்டில். நடுவில் அந்தக் கடலூர் மணற்கல் ஜெர்மன் எந்திரத்தின் பல்லையே தேய்த்துத் தின்றது. வெடி வைத்து இளக்கித்தான் தோண்ட முடிந்தது. அப்பா 1958-ல் சேர்ந்தவர்; மூன்று வருஷம் கரியையே பார்க்காமல் தண்ணீரையும் செம்மண்ணையும் பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்கியிருக்கிறார். அம்மா வந்த அன்று, நேர் நேராகத் தெரு, ஒரே மாதிரி வீடு, எந்த வீடு நம்முடையது என்று தெரியாமல் வேறு யாரோ வீட்டில் பால் காய்ச்சப் போனது. ரஷ்யாக்காரர்கள் வந்து அனல்மின் நிலையம் கட்டி, 1962-ல் முதல் எந்திரம் சுற்றியது. அந்த ரஷ்யாக்காரம்மா கொடுத்த மிட்டாய்க்கு நன்றி சொல்ல நீ 'ஸ்பசீபா' என்பதற்குப் பதில் என்ன சொன்னாய் என்பதை மட்டும் மலரில் போட மாட்டேன், பயப்படாதே.

நாலு பக்கம் ஓடியது. அப்போதுதான் அந்த அம்மா வந்தார்கள்.

அப்பாவை ராத்திரி பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம். ஆத்தூர்ப் பக்கம், நம்மைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். வந்த முதல் ராத்திரி அப்பா வழக்கம்போல எழுந்து "பம்ப் ஓடுதா?" என்றார். நான் எழுந்து வருவதற்குள் அந்த அம்மா, "ஓடுதுங்கய்யா, நல்லா ஓடுது" என்றார்கள். அப்பா படுத்துத் தூங்கிவிட்டார். அவ்வளவுதான்! ஆறு மாசம் நான் பட்ட பாடு அவ்வளவு சுலபமாகத் தீர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

காலையில், "எந்த பம்ப்புங்க சார் ஐயா கேக்கறது?" என்றார்கள். எனக்குத்தான் கதை சொல்ல ஆள் கிடைத்தால் போதுமே. அப்பாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். முதல் கரி கண்டபோது எடுத்துவந்த துண்டு, இன்னும் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறோம். அது கரி என்று பேர்தான், பாதி தண்ணீர். காயவிட்டால் பாளம் பாளமாக வெடித்துத் தூளாகிவிடும். உன் வீட்டுத் துண்டை ஷோகேஸில் வைத்து நாசமாக்கினாயே, அதே கதி. நான் பெருமையாக ஊர்ப் பேரைச் சொன்னேன். அந்த அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எங்கம்மா ஊருங்க அது" என்றார்கள்.

டவுன்ஷிப்பில் இருந்தார்களா என்று கேட்டேன் பார், அதுதான் என் புத்தி. இல்லையாம். குழி தோண்டுவதற்கு முன்னால் அங்கே இருந்த ஊர். அவர்கள் அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. கம்பும் கேழ்வரகும் விளைந்த நிலம், வரப்போரம் பலா மரம். ஊரைக் காலி செய்த அன்று நிலைக்கதவைப் பெயர்த்து, அம்மியையும் உரலையும் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். கிணற்றடியில் பாட்டி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லையாம். "கிணத்தை எதுல ஏத்தறது?" என்று கேட்டாளாம். அந்தக் குடும்பம் சிதறி, இந்த அம்மாவின் தாயார் ஆத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, சேகோ மில்லில் கிழங்கு உரித்தே காலம் தள்ளியிருக்கிறார். எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும் முகத்தைச் சுளிப்பாராம். "எங்க கிணத்துல தண்ணி தானா எழும்பி நிக்கும்" என்பதைச் சாகும்வரை சொன்னாராம்.

தானாக எழும்பி நிற்கும் தண்ணீர் எது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மேல் ஊற்று வேறு, கரிக்கு அடியில் உள்ள ஊற்று வேறு என்று உன் இன்ஜினீயர் மூளை இப்போதே ஆரம்பித்திருக்கும். இருக்கட்டும். எனக்கு அன்று காலை காபி இறங்கவில்லை. எங்கள் அப்பா முப்பத்து மூன்று வருஷம் இறைத்துக் கொட்டியதில் அந்தக் கிழவியின் கிணறும் போயிருக்கிறது.

நாமே படித்ததுதானேடா! ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கறுப்பாக வந்தது என்று பாடம்போல ஒப்பிப்போம். 600 ஏக்கருக்கு மேல் கொடுத்தார் என்று கைதட்டுவோம். கிணறு வெட்டினார் என்றால் அங்கே பயிர் இருந்தது, பயிர் இருந்தால் ஆள் இருந்தார்கள் என்று ஒரு நாளாவது நமக்குத் தோன்றியதா? 'யாருமற்ற முந்திரிக் காடு' என்று எழுதுகிறாயே, முந்திரி என்ன காட்டிலே தானாக வளர்ந்து வரிசையில் நின்றதா? யாரோ வைத்தது. கொட்டை பொறுக்க வந்த பெண்களை நாம் துரத்திக் கல் எறிந்திருக்கிறோம், நம் ஊரில் திருட வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு. நீதான் குறி பார்த்து எறிவாய். நானும் எறிந்தேன், ஒன்றும் படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் அப்பாக்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை பம்ப்செட் ஓடியது, எத்தனை வீட்டில் விளக்கு எரிந்தது; இங்கே சேலத்து டீக்கடை அடுப்பில்கூட ஒரு காலத்தில் நம் ஊர் லெகோ கரிக்கட்டி கனன்றது. அதெல்லாம் எழுது, நானும் எழுதித் தருகிறேன். 'முதல் குடிகள்' என்ற தலைப்பை மட்டும் எடுத்துவிடு. எடுக்க மாட்டேன் என்றால் என் நாலு பக்கத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, ஏனென்றால் நான் அனுப்பவே போவதில்லை.

இன்னும் ஒன்று. அந்த அம்மாவுக்கு ஊரைப் பார்க்க வேண்டுமாம். "குழியானாலும் பரவாயில்லைங்க சார், எட்ட நின்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்கிறார்கள். எதைக் காட்டுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். குழி இருக்கும் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். பக்கெட் வீல் வெட்டிய மண் பெல்ட்டில் போய், மண் கொட்டுகிற ஸ்ப்ரெடர் எந்திரத்தின் வாய் வழியாக இன்னொரு இடத்தில் மேடாகி, கரி எடுத்த குழியை வேறு எங்கோ வெட்டிய மண் மூடி, அதன்மேல் மரமும் வைத்தாயிற்று. அந்த ஊர் மண்ணே அந்த ஊரில் இல்லை. கிழவி கேட்டதைவிடப் பெரிய வேலை நடந்துவிட்டது: கிணற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இதை எப்படி வாயால் சொல்வது?

ஊர்ப் பேரை அந்த அம்மா சொல்கிறபடி நாலு விதமாக எழுதித் தனித் துண்டுச்சீட்டில் வைத்திருக்கிறேன். எழுத்துக்கூட்டித் தெரியாது, காதில் விழுந்ததுதான். உன்னிடம் பழைய வரைபடம் இருக்கிறது என்று பீற்றிக்கொள்வாயே, அதை எடுத்துப் பார்த்து எந்த இடம் வரும் என்று கண்டுபிடி. அண்ணாச்சியிடம் கேட்காதே, அவர் தெரியாததையும் தெரியும் என்பார். ஜூன் முதல் வாரம் டவுன் ஸ்டேஷனில் விருத்தாசலம் வண்டி ஏறி வருகிறோம். அப்பாவையும் அழைத்து வரலாமா என்று ஒரு ஆசை, வந்தால் திரும்ப மாட்டாரோ என்று ஒரு பயம். முடிவு செய்யவில்லை. உன் வீட்டில் கீழ் அறை காலியாக இருக்கிறதா? மாடி ஏற என்னாலும் முடியாது.

எல்லாம் தெரிந்த பிறகு அந்த அம்மா வேலையை விட்டுவிடுவார்களோ என்று எனக்குள் ஒரு அல்பக் கவலை இருந்தது. நேற்று ராத்திரியும் அப்பா எழுந்தார், கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் கட்டிலிலிருந்து காலை இறக்கிவிட்டேன். அப்புறம், "ஓடுதுங்கய்யா, படுங்க" என்று குரல் வந்தது.

வரும்போது மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுவருகிறேன். உன் சர்க்கரை எவ்வளவு என்று பொய் சொல்லாமல் எழுது.

உன்
ஊமையன்