வேகம் குறைவு என்று கேள்விப்பட்ட நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கமுங்க.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி என்று பல ஊர்களிலிருந்தும் நம்ம ஏர் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) கடைக்கு வந்து போகிற எல்லோருக்கும் இந்த மடல். ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பி, "ஏனுங்க, இது நெசமா?" என்று கேட்டீர்கள். நேராக என்னிடமே கேட்டதற்கு நன்றி.

"டப்பாவுல ஆயிரம் அடி வேகம் போட்ட ஏர் ரைபிள் பாதி விலைக்குக் கிடைக்குது. இந்தக் கடையில ரெண்டு பங்கு காசு வாங்கிட்டு, ஐந்நூத்தி அறுபது அடி போற சாமானத்தைத் தலையில கட்டறாங்க. பவரைக் கொறச்சுக் குடுத்துட்டாங்க." இதுதான் அதில் இருப்பது. அடிக் கணக்கு என்பது குண்டு ஒரு நொடியில் போகிற தூரம். பேசியவர் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவர் பையன் இன்னமும் நம்ம பையன்தான்.

விலை அதிகம் என்று சொன்னால் ஒத்துக்கொண்டு போயிருப்பேன். "பவரைக் குறைத்துவிட்டார்கள்" என்ற வார்த்தைதான் உறுத்துகிறது. ஏமாற்றிவிட்டோம் என்று அதற்கு அர்த்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு நாங்கள் செய்துகொடுத்தது 10 மீட்டர் பந்தயத்துக்கான துப்பாக்கி. கட்டையை அவன் கை நீளத்துக்கு அறுத்து, கன்னம் படும் இடத்தை இழைத்து, ட்ரிக்கரை அவன் விரலுக்குப் பார்த்து வைத்தோம். இதில் ஆக்ஷன், அதாவது குண்டைத் தள்ளுகிற உள் இயந்திரம், ஒன்றுதான் பிற்பாடு மாற்ற முடியாதது. கட்டையை இன்னொரு தடவை இழைக்கலாம், ட்ரிக்கரைத் திருப்பி வைக்கலாம். ஆக்ஷன் தப்பாக அமைந்தால் மிச்சமெல்லாம் வீண். அதனால்தான் ஆர்டர் எடுக்கும்போதே அந்தப் பேச்சுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பந்தயத்தில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பொட்டு. 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். உலகப் போட்டிகளில் ஓடும் பந்தயத் துப்பாக்கிகள் எல்லாம் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன, அதாவது அந்த 560 அடிதான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012-இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். அரை கிராமுக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு ஈயப் பெல்லட் (இந்தத் துப்பாக்கியின் குண்டு) அந்த வேகத்தில் போனால் அதன் சக்தி ஏழரை ஜூல் வரும். காகிதத்தில் சுத்தமாக வட்ட ஓட்டை போட அது போதும். அதற்கு மேல் சக்தி வேண்டுமென்றால் துப்பாக்கிதான் அதிகமாக உதறும்.

ஆயிரம் அடி என்று டப்பாவில் போடுவது பெரும்பாலும் எடை குறைந்த உலோகப் பெல்லட்டை வைத்து அளந்த கணக்கு. ஈயத்தைப் போட்டுச் சுட்டால் இறங்கிவிடும். ஒலியின் வேகம் 20 டிகிரி வெயிலில் நொடிக்கு 343 மீட்டர், சுமார் 1,125 அடி. குண்டு அதை நெருங்கும்போதே காற்று அதைப் பிடித்து ஆட்டத் தொடங்குகிறது. இடுப்புச் சிறுத்த பெல்லட்டுக்கு அந்த ஆட்டம் தாங்காது. தோட்டா சுடுகிற 50 மீட்டர்க்காரர்களும் இதே காரணத்துக்காகத்தான் ஒலிவேகத்துக்குக் கீழே ஓடும் .22 தோட்டாக்களையே பந்தயத்துக்கு எடுக்கிறார்கள். வேகம் குறைவாக இருப்பதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, ஆக்ஷனுக்கு வருகிறேன். பேரலை (குழலை) மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகையில், ட்ரிக்கரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. பெல்லட் பேரலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி ஒரு தடவை பின்னாலும் ஒரு தடவை முன்னாலும் உதறிவிடும். பிடிக்கிற பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்துக்குப் போகும். போதாததற்கு, ஒவ்வொரு குண்டுக்கும் பேரலையே திறந்து மூடுகிறோம். கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால் புரியும்: ஒவ்வொரு ஜாபுக்கும் டெயில்ஸ்டாக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டே சைஸ் பிடிக்கிற மாதிரி. நல்ல கம்பெனிகள் அதையும் இறுக்கமாகச் செய்கின்றன. பொழுதுபோக்குக்கு அது போதும், நானே விற்கிறேன். பந்தயத்துக்குப் பழகும் பிள்ளைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

பேரல் அசையாமல், பக்கவாட்டு லீவரை ஒரே தடவை இழுத்துக் காற்றை அடைக்கிற ஒற்றை பம்ப் ஆக்ஷன் எனக்கு ரொம்பப் பிடித்தது. உதறல் கிடையாது, காற்று அடைத்த சிலிண்டர் வேண்டியதில்லை. காற்று நிரப்ப வழியில்லாத காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் சின்னப் பையன் 60 குண்டுக்கு 60 தடவை அந்த லீவரை இழுத்தால் பாதியிலேயே தோள் நடுங்கும். அதனால்தான் இவனுக்கு 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் வைத்த ஆக்ஷன். உள்ளே ரெகுலேட்டர் இருப்பதால் முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒரே அழுத்தம். விலை ஏன் இரண்டு பங்கு என்றால் அந்த ரெகுலேட்டரும் வால்வும்தான். வேறு மர்மம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஆர்டர் எடுத்த அன்றே அந்தத் தகப்பனாரிடம் சொன்னோம், அவரும் தலையாட்டினார். யாரோ பக்கத்துக்காரர் பேச்சைக் கேட்டு இப்போது வருத்தப்படுகிறார். பையன் சுட்ட இலக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டு வரட்டும், உட்கார்ந்து பேசலாம். வேகம் அளக்கிற குரோனோகிராப் மேசை மேலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் துப்பாக்கியை வைத்து அளந்து பார்க்கலாம்.

பவர் ஏற்றித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று. கனமான ஸ்பிரிங் போட மாட்டோம். பேரல் 4.5 மில்லிமீட்டர் விட்டத்தையோ, சக்தி 20 ஜூலையோ தாண்டினால் அது லைசென்ஸ் கேட்கிற ஆயுதம். சிலர் வேகத்துக்காகச் சேம்பரில் தேங்காய் எண்ணெய் விட்டுச் சுட்டு, பிறகு எங்களிடம் கொண்டுவருகிறார்கள். பிரித்தால் சீல் ஓரமெல்லாம் கருகி, கருப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் உள்ளே வெடித்த தடம் அது. தயவுசெய்து வேண்டாம். மயில் தோட்டத்தை அழிக்கிறது என்று கேட்கிறவர்களின் வேதனை எனக்குத் தெரியும். என் மாமனார் தோட்டத்திலும் தக்காளி அப்படித்தான் போகிறது. ஆனாலும் மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கென்று எங்களிடம் துப்பாக்கி கேட்க வேண்டாமுங்க.

சிலிண்டர் நாள் முடிந்திருந்தால் நிரப்ப மறுக்கிறோம் என்றும் ஒரு முணுமுணுப்பு உண்டு. பந்தயத் துப்பாக்கிக் கம்பெனிகள் தங்கள் சிலிண்டருக்குப் பத்து வருஷம் என்று அச்சடித்தே கொடுக்கின்றன. உள்ளே இருப்பது 200 பார் காற்று. பிடித்திருப்பது உங்கள் பிள்ளை. தேதி தாண்டியதை நிரப்ப மாட்டோம், இனியும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் கடையை விட்டுப் போகாமல், "நாங்க இருக்கறமுங்க, கவலப்படாதீங்க" என்று போன் செய்தவர்களை நான் மறக்க மாட்டேன். வாட்ஸ்அப் குழுவிலேயே எங்களுக்காகப் பேசியவர்கள், எங்களிடம் வாங்கிய பழைய துப்பாக்கியில் சுட்ட அட்டையைப் படம் எடுத்துப் போட்டவர்கள், பையன் பதக்கம் வாங்கியதும் முதலில் கடைக்குக் கூட்டிவந்து காட்டிய அம்மா, உங்கள் எல்லோருக்கும் மனசார நன்றி. இந்தத் தொழிலில் லாபம் சொற்பம். நீங்கள் நம்பி வருவதால்தான் நடக்கிறது.

எங்கள் மூத்த மேஸ்திரி கண் பார்வை காரணமாக ஊரோடு போய்விட்டார். ட்ரிக்கர் வேலையை இனி நானே பார்க்கிறேன். அதனால் அந்த வேலைக்கு ஒரு மாதம் வரை ஆகலாம். யூரோ விலையும் ஏறியிருப்பதால் ஐப்பசி முதல் சர்வீஸ் கட்டணத்தில் சிறு மாற்றம் உண்டு, சிலிண்டர் நிரப்புவதற்கும் இனி நூறு ரூபாய்.

4.49, 4.50 மில்லிமீட்டர் தலை அளவுப் பெல்லட்டுகள் வந்திருக்கின்றன. 4.51 அடுத்த சரக்கில் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை திறந்திருக்கும், வாங்க.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
கோயமுத்தூர்